வண்டி திரும்பும் மூலை

ஏணியை எந்தச் சாய்வில் நிறுத்துவது, குழாயை எப்படிச் சுருட்டுவது, புகைக்குள் எப்படிக் குனிந்து போவது என்பதையெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லியிருப்பார்கள். எங்கள் காலத்துக் கருவிகளைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை. நெருப்பு அணைந்த பிறகு அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் பயிற்சியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதைக் கும்மிடிப்பூண்டியில்தான் தெரிந்துகொண்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் முன்னணித் தீயணைப்பாளர். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்து, முள்ளும் பனையுமாகக் கிடந்த இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்தன. நெடுஞ்சாலை ஓரத்தில் எங்கள் நிலையம். இருந்தது ஒரே வண்டி. அதை ஓட்டியவர் பாஷா பாய். சோழவரத்துக்காரர். அந்த ஊரில் பந்தயக் கார்கள் ஓடுவதைச் சின்ன வயதிலேயே பார்த்து வளர்ந்தவர். ஆனால் வண்டி ஓட்டும்போது மாட்டுவண்டிக்காரரின் பொறுமை இருக்கும்.

அந்தக் கம்பெனிகளைக் கட்ட வந்தவர்கள் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்தும், எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆந்திர ஊர்களிலிருந்தும் வந்த கொத்தனார்கள், சித்தாள்கள். ஊரில் நிலமோ வீடோ இல்லாதவர்கள். ஒரு கட்டடத்துக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருக்கும்வரை அதற்குள்ளேயே படுத்துக்கொள்வார்கள். கூரை போட்டுவிட்டால் மழைக்கும் கவலையில்லை. கேட் மாட்டுகிற அன்றைக்கு வெளியே வந்துவிட வேண்டும். இப்படிப் பல கேட்டுகளுக்கு வெளியே வந்தவர்கள், கடைசியில் ரயில் பாதைக்கு மேற்கே, ஏரியை ஒட்டிய புறம்போக்கில் மூங்கிலும் பனை ஓலையுமாகக் குடிசை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஒரு கோடை மதியம் அங்கே தீப்பிடித்துவிட்டது என்று தகவல் வந்தது. போனோம். வண்டியைச் சாலையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. குடிசைகளுக்கு நடுவே வண்டி போக வழியே இல்லை. குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து நீட்டிக்கொண்டு ஓடினோம். நாங்கள் தண்ணீர் அடிக்க ஆரம்பித்தபோது எரிய வேண்டியதில் பெரும்பகுதி எரிந்துவிட்டிருந்தது. எல்லோரும் வேலைக்குப் போயிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. மற்றபடி எதுவும் மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. தீப்பிடித்த வீட்டுக்காரர்கள் தூரத்தில் நின்று அழுவார்கள். நான் அதுவரை பார்த்தது அப்படித்தான். இவர்கள் வேலை செய்த இடங்களிலிருந்து ஓடிவந்தார்கள். நேராகச் சாம்பலுக்குள் போனார்கள். ஈரச் சாக்கைக் காலடியில் போட்டுக்கொண்டு, அவரவர் குடிசை இருந்த கறுப்புத் தரையில் அவரவர் குடும்பத்தோடு உட்கார்ந்துகொண்டார்கள். சூடு ஆறவில்லை, எழுந்து வெளியே வாருங்கள் என்று நான் கத்தினேன். ஒருவரும் அசையவில்லை.

அந்த நேரத்தில் தாலுகா அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம், "இன்னும் நல்லா அடிங்க. தரை முழுக்க ஊறணும். மறுபடி பத்திக்கக் கூடாது" என்றார்.

சரியான யோசனை போலத்தான் தெரிந்தது. குழாயைத் திருப்பினேன். அப்போது சாம்பலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து என் பக்கத்தில் வந்தாள். முப்பது வயது இருக்கும். சும்மாட்டுத் துணிகூடத் தலையிலிருந்து இறங்கவில்லை.

"சார், நெருப்பு இன்னும் கீதா?"

"இல்லம்மா. அணைஞ்சிடுச்சு."

"அப்பால இன்னாத்துக்குத் தண்ணி?"

குழாயைத் தாழ்த்தினேன். எங்கள் நிலைய அலுவலர் அடிக்கடி ஒன்று சொல்வார்: வேலை முடிந்ததா இல்லையா என்பதை ஜீப்பில் வந்தவர் சொல்லக்கூடாது, குழாயைப் பிடித்திருப்பவன் சொல்ல வேண்டும். குழாயைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு இடம் முழுவதும் நடந்தேன். புறங்கையை வைத்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் சாம்பலுக்கு அடியில் கங்கு இருந்தது. அதைக் கிளறி அணைத்தோம். பிறகு பம்பை நிறுத்தச் சொன்னேன். "தொட்டியில மிச்சம் தண்ணி வெச்சிருக்கணும் சார். அடுத்த அழைப்பு எப்ப வரும்னு தெரியாது" என்று அதிகாரியிடம் சொன்னேன். பொய்யில்லை. அவர் முகம் சுருங்கியது.

திரும்பி வரும்போது பாய்தான் விளக்கினார். "களிமண்ணு தம்பி. தண்ணிய ரொப்பிட்டா சேறாயிடும். சேத்துல எவன் குடிசை போடுவான்? நாலு நாளு காலியா கெடந்தா முள்கம்பி வந்து நின்னுடும். அதான் அந்த ஜனங்க சூட்டோட சூடா உக்காந்துக்கினு கீறாங்க."

தம்பிகளே, அணைந்த நெருப்பின் மேல் ஊற்றும் தண்ணீருக்கு வேறு வேலை இருக்கிறது. அது என்ன வேலை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அவர்கள் அதே இடத்தில் மறுபடி குடிசை போட்டுக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அங்கே ஒரு அறிவிப்புப் பலகை நட்டார்கள். தீ அபாயம் உள்ள இடம், தீயணைப்பு வண்டி உள்ளே போக வழியில்லை, ஆகவே குடியிருப்பை அகற்ற வேண்டும் என்று இருந்தது. எங்கள் நிலையத்தில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டோம். காரணம் உண்மைதானே என்றுதான் நானும் நினைத்தேன்.

அதன் பிறகு ஒரு காலை நேரம், நாங்கள் நாஷ்டா முடித்துவிட்டு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குத் தண்ணீர் எதற்கு என்று கேட்ட அந்தப் பெண் நிலைய வாசலில் வந்து நின்றாள். கூட ஒரு கொத்தனார், தோளில் தேங்காய்நார்க் கயிற்றுடன். அவள் பெயர் கன்னியம்மா என்றும், அவன் தேவராஜ் என்றும் அன்றுதான் தெரிந்தது.

"இன்னா வேணும்?" என்றார் பாய்.

"ஒங்க வண்டிய அளந்துக்கலாமா நைனா?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர்கள் சிரிக்கவில்லை. நான் போய் நிலைய அலுவலரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எதுக்காம்?" என்று கேட்டார். எதற்கு என்று நான் கேட்டிருக்கவில்லை. அவரே வெளியே வந்தார்.

"வண்டி உள்ள வர வழியில்லேன்னு போர்டு போட்டுட்டாங்க சார்" என்றாள் கன்னியம்மா. "வழி உட்டுட்டா? அதான் எவ்ளோ உடணும்னு பாக்க வந்தோம்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அளக்கட்டும்" என்றார். "வண்டிதான் அரசாங்கத்துது. அதோட அகலம் யாருக்கு வேணும்னாலும் தெரியலாம்."

தேவராஜ் கயிற்றை வண்டியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பிடித்து முடிச்சுப் போட்டான். உயரத்துக்கு ஒரு முடிச்சு. நீளத்துக்கு ஒரு முடிச்சு. கிளம்பப் போனவர்களைப் பாய் கூப்பிட்டு நிறுத்தினார். "நேரா போறதுக்கு அது போதும்மா. திரும்ப வேணாவா?" என்றார். வண்டியை எடுத்து முற்றத்தில் மெதுவாக ஒரு வளைவு திருப்பிக் காட்டினார். கன்னியம்மா அதன் பின்னாலேயே நடந்து, சக்கரம் போன இடத்திலெல்லாம் கல் வைத்தாள். பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாமல் உள்ளே தள்ளிப் போவதைப் பார்த்து, "இது இன்னாத்துக்கு உள்ள ஏறுது?" என்று கேட்டாள். பாய் சந்தோஷமாகிவிட்டார். ஒரு மணி நேரம் அந்த ஆட்டம் நடந்தது.

எனக்கு ஆவல் தாங்கவில்லை. அடுத்த ஓய்வு நாளில் அங்கே போனேன். இடம் ஆளுக்கொரு கைப்பிடி. அதில் ஒரு வண்டிக்கு வழிவிட்டால் யார் எங்கே போவார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

ஏரிக்கரை மேட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். நான் ஓரமாக நின்றேன். ஒரே சண்டை. எங்கள் குடிசை முதலில் போட்டது என்றார் ஒருவர். வழி உங்கள் பக்கம் நகரட்டும் என்றார் இன்னொருவர். கன்னியம்மா நடுவில் நின்று யாரையும் அடக்கவில்லை. சத்தம் தானாகக் குறைந்தபோது பேசினாள்.

"நாம கட்டுன கம்பெனி ஒவ்வொண்ணுலயும் லாரி சுத்தி வர்றதுக்கு ரோடு உட்டுத்தான் கட்டுனோம். மேஸ்திரி நூலு புடிச்சாரு, நாம கல்லு வெச்சோம். நமக்குன்னு போடும்போது மட்டும் ஆட்டுமந்தையாட்டம் அடைச்சிக்கினோம். ஏன்னா நாளைக்கி எழுப்பிடுவான்னு நெனைச்சோம். இப்ப எழுந்திருக்கப் போறதில்லேன்னா ரோடு உட்டுத்தானே ஆவணும்?"

எல்லோருடைய குடிசையும் கொஞ்சம் கொஞ்சம் சிறுத்துக்கொள்வது, யார் குடிசை வழியில் வருகிறதோ அவர்களுக்கு மற்றவர்கள் இடம் விடுவது என்று முடிவாயிற்று. மறுநாளே நூல் பிடித்துவிட்டார்கள். சாலையிலிருந்து உள்ளே நேராக வந்து, ஏரிக்கரை ஓரம் திரும்பி, மறுபடி சாலைக்கே போய்ச் சேரும் ஒரு வழி.

ஒரே ஒருவன் ஒத்துக்கொள்ளவில்லை. கயிற்றோடு வந்த அதே தேவராஜ்தான். அவன் குடிசை சரியாகத் திரும்பும் மூலையில் இருந்தது. அவன் மனைவிக்குக் குழந்தை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் அதை அவன் காரணமாகச் சொல்லவில்லை.

"எத்தினியோ எடத்துல என்னை உக்கார வெச்சாங்க, எழுப்புனாங்க" என்றான். "இந்த மூலைல நானா வந்து உக்காந்தேன். யாரும் உக்காருன்னு சொல்லல. யாரும் எழுந்திருன்னும் சொல்லக் கூடாது."

குடிசையை ஒரு முழம் பின்னால் இழுத்துக்கொண்டான். அதற்கு மேல் மாட்டேன் என்றுவிட்டான்.

போகும்போது கன்னியம்மாவிடம் கேட்டேன். "நீங்க எல்லாரும் சேர்ந்து சொன்னா நகந்துடுவானேம்மா?"

"நகந்துடுவான் சார்" என்றாள். "ஆனா அப்பால அவன தொரத்துன கூட்டத்துல நாங்களும் ஒண்ணாயிடுவோம்."

வீட்டுக்குப் போகும் ரயிலில் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

குடியிருப்பை அகற்ற ஆட்கள் வந்த அன்று நிலைய அலுவலர் சென்னைக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். பொறுப்பு என்னிடம். முன்பகலில் போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து, தாலுகா அதிகாரி வண்டியோடு வரச் சொல்கிறார் என்றார். நெருப்பா என்றேன். இல்லை என்றார். அங்கே அந்த ஜனங்கள் வழி விட்டிருக்கிறோம், வண்டி வந்து பார்க்கட்டும் என்கிறார்களாம். அதிகாரியும், சரி, வண்டி நுழைந்தால் நான் திரும்பிப் போகிறேன், நுழையாவிட்டால் இன்றைக்கே காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

இப்படி ஒரு அழைப்பு உங்களுக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? இருப்பது ஒரு வண்டி. போன நேரத்தில் வேறெங்காவது தீப்பிடித்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். போகாவிட்டால், வழி இல்லை என்று பலகையில் எழுதியதே முடிவாகிவிடும். நமக்கு ஒதுக்கிய பகுதியில் எந்த வழி எங்கே போகிறது என்று ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வது நம் வேலைதான். அதற்காகத்தான் போகிறோம் என்று முடிவு செய்தேன். நிலையத்தில் ஒருவரை விட்டு, அழைப்பு வந்தால் எங்கே ஆள் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

"பாய், நெருப்புக்குப் போற மாதிரியே போங்க" என்றேன். "அவங்களுக்காக மெதுவாவும் வேணாம், அதிகாரிக்காக வேகமாவும் வேணாம்."

"அல்லா கீறாரு" என்றார் பாய்.

அங்கே கடப்பாறைகளோடு கூலியாட்கள் ஒரு வரிசை. போலீஸ்காரர்கள் ஒரு வரிசை. குடியிருப்புக்காரர்கள் வழியின் இரண்டு பக்கமும் அவரவர் வாசலில் நின்றார்கள். கன்னியம்மா என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏதாவது கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வண்டி உள்ளே போனது. நேர் வழியில் இரண்டு பக்கமும் ஓலை உரசவில்லை. ஏரிக்கரை ஓரம் பாய் திருப்பினார். மூலையில் தேவராஜின் கூரை விளிம்பு பின்பக்கத்தில் சிக்கி, மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. பாய் நிறுத்தினார். பின்னால் எடுத்து மறுபடி முயன்றார். அதே இடம்.

அதிகாரி நடந்து வந்தார். "சொல்லுங்க. நுழையுதா, நுழையலையா?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நெருப்பு நேரத்தில் ஒரு கூரை விளிம்பு தடுத்தால் அதை இடித்துக்கொண்டு போயிருப்போம். நுழையும் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் நான் சொன்னதை நம்பி இவர்கள் இங்கே தூங்கப் போகிறார்கள். ஒரு நாள் உண்மையாகவே தீப்பிடிக்கும்போது இந்த மூலையில் வண்டி சிக்கி நிற்கும்.

"இந்த மூலையில திரும்பல சார்" என்றேன்.

"அப்ப முடிஞ்சுது" என்று கூலியாட்கள் பக்கம் திரும்பினார்.

"வண்டி இன்னும் வெளியே போகல சார். முடிஞ்சுதான்னு நான்தான் சொல்லணும்" என்றேன். பாய் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, முன்கண்ணாடியை நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தார்.

தேவராஜ் தன் வாசலில் நின்றிருந்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் எல்லோரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் உள்ளே போனான். மனைவி குழந்தையோடு வெளியே வந்தாள். பின்னால் அவன் அரிவாளோடு வந்து, மூங்கில் காலைத் தரையில் நட்ட முளையோடு கட்டியிருந்த கயிற்றை அறுத்தான். ஒரு காலை முடித்து அடுத்த காலுக்குப் போனபோதுதான் மற்றவர்களுக்குப் புரிந்தது.

"இரு நைனா, ஒடைக்காத" என்றாள் கன்னியம்மா. "அப்பிடியே தூக்கிடலாம்."

மூலைக்கு ஒருவராக நின்றார்கள். போதவில்லை. இன்னும் ஆட்கள் வந்தார்கள். கடப்பாறையோடு வந்த கூலியாள் ஒருவர் அதைத் தரையில் போட்டுவிட்டு ஒரு மூங்கிலைப் பிடித்தார். அதிகாரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தக் குடிசை முழுதாக, கூரையோடு, தரையை விட்டு எழுந்தது. உள்ளே தொங்கிய தூளி ஆடியது. மெல்ல நடந்து போய்க் கன்னியம்மாவின் குடிசைக்குப் பின்னால் அவளுடைய சமையல் இடத்தில் அதை இறக்கினார்கள். அவள் அடுப்புக் கற்களைக் காலால் தள்ளிவிட்டாள்.

தேவராஜ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இது நானா எழுந்தது" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

பாய் வண்டியை எடுத்தார். ஒரே திருப்பில் மூலையைக் கடந்து சாலைக்கு வந்துவிட்டார்.

அதிகாரி அந்த வழி முழுவதையும் தானும் ஒருமுறை நடந்து பார்த்தார். திரும்பி வந்து, "நுழையுதுன்னு எழுதிடறேன். ஆனா இதுனால இடம் உங்களுதுன்னு ஆயிடாது" என்றார்.

"தெரியும் சார்" என்றாள் கன்னியம்மா. "அத கேக்க அப்பால வர்றோம்."

வந்தார்கள். அடுத்து வந்த வருஷங்களில் எத்தனை தடவை தாலுகா அலுவலக வாசலில் போய் உட்கார்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு குழாய் வந்தது. பிறகு தெருவிளக்கு வந்தது. பட்டா வந்தபோது நான் அங்கே இல்லை, திருவள்ளூருக்கு மாறிப் போயிருந்தேன். எல்லோருக்கும் கிடைக்கவும் இல்லை. பின்னால் வந்த கம்பெனிகளைக் கட்ட வந்தவர்கள் வேறு ஏரிக்கரையில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. தேவராஜும் கன்னியம்மாவும் அங்கே போய் நூல் பிடித்துக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மாற்றலாகிப் போவதற்கு முன்பு அங்கே இன்னொரு தடவை தீப்பிடித்தது. அடுப்புப் பொறி. நேராக உள்ளே போனோம். ஒரு குடிசையும் பக்கத்துக் குடிசையின் பாதியும் போயின, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் கன்னியம்மா ஆளுக்கொரு டம்ளர் மோர் கொடுத்தாள். எனக்கு உள்ளூர ஒரு பெருமை. இந்த வழியால் வேறு என்னென்ன பிரயோஜனம் என்று கேட்டேன். தண்ணீர் வண்டி வருவதையோ, பிள்ளைகள் விளையாடுவதையோ சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"சாவுக்குத்தான் சார்" என்றாள். "முன்னெல்லாம் ஒருத்தர் செத்துட்டா பாடை உள்ள வராது. பொணத்தப் பாயில சுருட்டி, ரோட்டாண்ட வரைக்கும் ஊட்டு மேல ஊட்டு மேல கை மாத்திக்கினே எடுத்துப் போவோம். மூட்டையாட்டம். இப்ப அவங்கவங்க வாசல்லயே பாடை கட்டுறோம். நாலு பேரு தோள்ல வெச்சிக்கினு, மேளத்தோட, நடுத்தெருவுல போறாங்க."

அதுவரை அதை எங்கள் வண்டிக்காக விட்ட வழி என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.